பார்கின்சன்: சென்னைக்குப் போகுமுன் மட்டக்களப்பிலேயே பார்க்க வேண்டியவை

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு குடும்பத்தில் ஒருவருக்குப் பார்கின்சன், அதாவது அசைவை மெல்ல மெல்ல முடக்கும் மூளை நோய் என்று வைத்தியர் சொல்லிவிட்டால், அடுத்த கிழமைக்குள் வீடு தேடி வரும் ஆலோசனைகள் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். சென்னைக்குக் கொண்டுபோங்கள், அங்கே மூளைக்குள் கருவி வைக்கிறார்களாம். ஸ்டெம் செல் ஊசி வந்திருக்கிறதாம். கத்தாரில் இருக்கிற மகன் வாட்ஸ்அப்பில் காணொளி அனுப்புவார். காணியை ஈடு வைக்கலாமா என்ற பேச்சுக்கூட எழும். இத்தனைக்கும் நடுவில் அந்த மனிதர் காலைக் குளிசையைப் பால் தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டு, ஒரு மணித்தியாலம் கழிந்தும் சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பார்.

பார்கின்சன் நோயை முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை உலகில் எங்கும் இல்லை. கொழும்பிலும் இல்லை, சென்னையிலும் இல்லை, லண்டனிலும் இல்லை. ஆனால் நோயாளி எழுந்து நடக்கவும் தன் கையால் சாப்பிடவும் உதவுகிற மருந்து இருக்கிறது. 1960களில் நடைமுறைக்கு வந்த அந்த லெவோடோபாவை மிஞ்ச இன்னொரு குளிசை இன்னும் வரவில்லை. எங்கள் பக்கத்தில் நான் பார்த்த குடும்பங்களில் பெரும்பாலும் அந்த மருந்து நேரம் தவறி, சாப்பாட்டோடு கலந்து, வேறு குளிசைகளோடு மோதி வீணாகிப்போகிறது. அதனால் தூரத்துச் சிகிச்சைகளைவிட கையில் இருக்கும் குளிசையைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

மூளைக்குள் நடப்பது

லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்கின்சன் இந்த நோயை விவரித்து எழுதியது 1817இல். அதற்குப் பிறகு ஏறக்குறைய நூற்றைம்பது வருடம் உருப்படியான மருந்து கிடைக்கவில்லை. 1957இல் சுவீடன் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்தார். நம் நாட்டு வைத்தியர்கள் காலங்காலமாக அறிந்த சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. முயல்கள் அசைவில்லாமல் கிடந்தன. மூளையில் டோபமைனாக மாறும் டோபா என்ற பொருளை (லெவோடோபா இதன் ஒரு வகை) ஊசியால் ஏற்றியதும் எழுந்து நடமாடின. அசைவுக்கு டோபமைன் என்ற இரசாயனம் எவ்வளவு முக்கியம் என்பதை உலகம் கண்டது அப்போதுதான். கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. 1960இல் வியன்னாவில் ஒலே ஹோர்னிகீவிச், இறந்துபோன பார்கின்சன் நோயாளிகளின் மூளையைச் சோதித்து அங்கே டோபமைன் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டினார். 1967இல் நியூயோர்க்கில் ஜோர்ஜ் கொட்சியாஸ் டோபாவை வாய்வழியாகச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்தார். முடங்கிக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள்.

நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு பகுதியில் டோபமைன் சுரக்கும் நரம்புக் கலங்கள் மெல்ல மெல்ல இறப்பதுதான் நோயின் மையம். கை நடுங்கத் தொடங்கும்போது அங்குள்ள கலங்களில் ஏறத்தாழ அரைவாசியோ அதற்கு மேலோ போய்விட்டிருக்கும். அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே மூக்கு மணம் பிடிக்காமல் போகலாம், மலச்சிக்கல் தொடங்கலாம், நித்திரையில் கனவோடு சேர்ந்து கைகாலை வீசிக் கத்தலாம். இவை இருப்பவர்கள் எல்லோருக்கும் பார்கின்சன் வரும் என்று அர்த்தமில்லை. ஆனால் நோய் வந்தபின் பின்னோக்கிக் கேட்டால், ‘ஓம், மீன் பொரிக்கிற மணமே தெரியாது என்பார்’ என்று மனைவி சொல்வது வழக்கம்.

ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. வயது, சிலருக்கு மரபணு, சிலருக்குச் சுற்றுச்சூழல். வயல் நிறைந்த அம்பாறை, படுவான்கரைப் பகுதிகளில் இதைச் சொல்லாமல் விட முடியாது: பரகுவாட் என்ற களைநாசினிக்கும் பார்கின்சனுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் கள்ளத்தனமாகத் தயாரித்த போதைப்பொருளில் கலந்திருந்த எம்பிடிபி என்ற நச்சு, இளைஞர்களைச் சில நாட்களிலேயே பார்கின்சன் நோயாளிகளைப் போல் உறைய வைத்தது. அந்த நச்சு உடலுக்குள் மாறி எடுக்கும் வடிவமும் பரகுவாட்டும் இரசாயன அமைப்பில் நெருங்கிய சாயல் உடையவை. இலங்கை 2008 தொடக்கம் பரகுவாட்டைப் படிப்படியாகத் தடை செய்துவிட்டது. அந்த முடிவின் முதன்மைக் காரணம் நஞ்சருந்தி இறப்பவர்களைக் காப்பாற்றுவது. அதற்கு முன் வருடக்கணக்கில் கையுறையோ முகமூடியோ இல்லாமல் மருந்தடித்தவர்கள் இன்று அறுபது, எழுபது வயதில் இருக்கிறார்கள். குறிப்பிட்ட ஒருவருக்கு நோய் வந்தது அதனால்தான் என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. ஆனால் கிளினிக்கில் தொழில் என்ன என்று கேட்டால், வயலில் மருந்தடித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நடுக்கமெல்லாம் பார்கின்சன் இல்லை

சிகிச்சையின் முதற்படி நோயைச் சரியாகப் பெயரிடுவது. பார்கின்சன் நடுக்கம் கை மடியில் சும்மா கிடக்கும்போது வரும்; குவளையைத் தூக்கினால் பெரும்பாலும் குறையும். ஒரு பக்கத்தில் தொடங்கும். கூடவே அசைவு மந்தமாகும்: எழுத்து சிறுத்துப் போகும், நடக்கும்போது ஒரு கை வீசாது, முகத்தில் பாவம் குறையும். அசைவு மந்தமாகாமல் நடுக்கம் மட்டும் இருந்தால் வேறு நோயை யோசிக்க வேண்டும். மறுபக்கம், நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு நடுக்கமே இருக்காது. அவர்கள் தோள்மூட்டு வலி என்று எண்ணெய் பூசிக்கொண்டே காலம் கழிப்பார்கள்.

தேநீர்க் குவளையை வாய்க்குக் கொண்டுபோகும்போது கூடுகிற நடுக்கம், இரண்டு கையிலும் வருவது, தகப்பனுக்கும் இருந்தது என்றால் அது பரம்பரையாக வரும் வேறு வகை நடுக்கமாக இருக்கக்கூடும். அதற்குப் புரொப்பிரனலோல், பிரிமிடோன் போன்ற மருந்துகள் உண்டு. லெவோடோபா பயன் தராது. தைரொயிட் கூடினாலும் கை நடுங்கும். இழுப்புக்குப் போடும் சல்பியூட்டமோல், வலிப்புக்குக் கொடுக்கும் வல்ப்ரோயேட் ஆகியவையும் நடுக்கம் தரும். நாற்பது வயதுக்குள் இருப்பவருக்கு நடுக்கமோ தசை முறுக்கமோ வந்தால் வில்சன் நோயைச் சோதித்தே ஆக வேண்டும். உடலில் செம்பு தேங்குவதால் வருவது அது. பெனிசிலமின் போன்ற மருந்துகளால் நன்றாகக் கட்டுப்படுத்தலாம். காலம் தவறினால் ஈரலும் மூளையும் கெடும்.

எனக்கு மிகவும் கவலை தரும் விடயம் மருந்தால் வரும் பார்கின்சன் நிலை. தலைச்சுற்றுக்கு என்று எழுதிய சினரிசின், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்பிரமைட், புரோகுளோர்பெரசின், மனநோய்க்கான ஹலோபெரிடோல், ரிஸ்பெரிடோன் ஆகிய எல்லாமே மூளையில் டோபமைன் வேலை செய்யும் இடத்தை அடைக்கும். ஒரு தடவை தலைச்சுற்று வந்தபோது எழுதிக் கொடுத்த துண்டைக் காட்டி, வருடக்கணக்கில் பாமசியில் அதே குளிசையை வாங்கி விழுங்கும் முதியவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். கை நடுங்கத் தொடங்கினால் அதற்கும் ஒரு குளிசை கூடும். உண்மையில் செய்ய வேண்டியது முதற்குளிசையை நிறுத்தலாமா என்று வைத்தியரிடம் கேட்பது. நிறுத்திய பின் நடுக்கம் விலகச் சில மாதங்கள்கூட எடுக்கலாம். மனநோய்க்கான மருந்தை மட்டும் ஒருபோதும் வீட்டில் முடிவெடுத்து நிறுத்தாதீர்கள்.

எம்ஆர்ஐ எடுத்தால் தெரிந்துவிடும் என்று நம்பிப் பெரும் பணம் செலவழிப்பவர்கள் உண்டு. பார்கின்சனில் வழக்கமான எம்ஆர்ஐ அநேகமாகச் சாதாரணமாகவே வரும். வேறு நோய்களை விலக்கத்தான் அது உதவும். அனுபவமுள்ள வைத்தியர் கையைத் தட்டச் சொல்லி, நடக்கச் சொல்லி, மூட்டை மடக்கிப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கிறார். லெவோடோபாவுக்கு உடல் எவ்வளவு நன்றாக இசைகிறது என்பதும் ஒரு சான்று.

குளிசையும் கடிகாரமும்

டோபமைனை நேரே கொடுத்தால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. லெவோடோபா போகும், உள்ளே போய் டோபமைனாக மாறும். ஆனால் அதில் பெரும்பகுதி வழியிலேயே, குடலிலும் இரத்தத்திலும் மாறிவிடும். வாந்தியும் குமட்டலும் அதனால் வருபவைதான். அதைத் தடுக்கவே கார்பிடோபா அல்லது பென்செரசைட் சேர்த்துக் குளிசை செய்கிறார்கள். சிண்டோபா, சினமெட், மடோபார் என்று பெட்டியில் பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது இந்தச் சோடிதான். கார்பிடோபா ஒரு நாளைக்கு 70 முதல் 100 மில்லிகிராமாவது போனால்தான் அந்தத் தடை சரியாக வேலை செய்யும். பத்து மில்லிகிராம் கார்பிடோபா உள்ள குளிசையை மூன்று வேளை போட்டால் முப்பதுதான் ஆகிறது. ‘இந்த மருந்து எனக்கு ஒத்துவராது, சத்தி வருகுது’ என்று நிறுத்தியவர்களில் சிலருக்குச் சிக்கல் அங்கேதான். குளிசைப் பட்டையில் இருக்கும் இரண்டு இலக்கங்களையும் கிளினிக் கொப்பியில் எழுதிவைத்து வைத்தியரிடம் காட்டுங்கள்.

அடுத்தது வயிறு. லெவோடோபா ஒரு அமினோ அமிலம். இறைச்சி, மீன், முட்டை, பால், பருப்பு ஆகியவற்றின் புரதமும் குடலில் அமினோ அமிலமாகத்தான் பிரிகிறது. இரண்டும் ஒரே வாசலால் உள்ளே போகப் பார்க்கும். புரதம் கூடினால் மருந்து வெளியே நிற்கும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னோ, ஒரு மணித்தியாலம் பின்னோ தண்ணீரோடு போடச் சொல்கிறார்கள். தொடக்கத்தில் குமட்டல் உள்ளவர்கள் ஒரு பிஸ்கட்டோடு போடலாம், அதில் பாதகமில்லை. எங்கள் ஊரில் குளிசை என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு என்பது எல்லோர் மனதிலும் ஊறிப்போனது. அதுவும் மட்டக்களப்பில் எருமைத் தயிர் இல்லாத மத்தியானம் குறைவு. மீன்கறியும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்ட கையோடு போடும் ஒரு மணிக் குளிசை, பலருக்கு மூன்று மணியாகியும் வேலை செய்யாது. தயிரை விட்டுவிடச் சொல்லவில்லை. நோய் முற்றி, மருந்தின் வேலை ஏறி இறங்கத் தொடங்கியவர்கள் பகலில் புரதத்தைக் குறைத்து இரவுச் சாப்பாட்டில் சேர்த்துக்கொண்டால் போதும். மொத்தப் புரதத்தையே குறைத்தால் உடல் மெலிந்து இன்னும் கெடும். இரத்தச் சோகைக்கான இரும்புச்சத்துக் குளிசையும் லெவோடோபாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே சில மணித்தியால இடைவெளி வேண்டும்.

லெவோடோபா இரத்தத்தில் நிற்கும் காலம் குறைவு. சுமார் ஒன்றரை மணித்தியாலத்தில் அதன் அளவு பாதியாகும். முதல் சில வருடங்களில் மூளையே டோபமைனைச் சேமித்துப் பயன்படுத்துவதால் மூன்று வேளை போதும். பிறகு சேமிப்பு வற்றும். அப்போது எட்டு மணிக் குளிசை பதினொன்றரைக்கே இறங்கிவிடும். என் பெரியப்பா வாசற்படியில் வந்து அப்படியே நிற்பார். மேலுடம்பு முன்னால் சாயும், கால் நிலத்தோடு ஒட்டியிருக்கும். ‘கால் எழும்புதில்ல புள்ள’ என்பார். இழுத்தால் விழுவார். பன்னிரண்டரைக் குளிசை ஏறியதும் அதே மனிதர் கிணற்றடி வரை தனியே போய் வருவார். வீட்டில் உள்ளவர்கள் இதை நாடகம் என்று எண்ணிய காலமும் இருந்தது. ஒரே நாளில் இரண்டு மனிதர்களாகத் தெரிவது இந்த நோயின் இயல்பு. வைத்தியர் மருந்தைக் கூட்டவில்லை. அதே அளவைப் பிரித்து வேளைகளைக் கூட்டினார். நிலைமை சீரானது.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். காலைக் கிளினிக்குக்கு ஆளைக் குளிசை போட்டுத்தான் கூட்டிப் போவோம். வைத்தியர் முன்னால் அவர் நன்றாக நடப்பார். அதே மருந்தை எழுதி அனுப்பிவிடுவார்கள். ஆகவே மருந்து இறங்கிய நேரத்தில் கைத்தொலைபேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்துக்கொண்டு போங்கள். இரண்டு மூன்று நாட்களுக்கு, குளிசை போட்ட நேரம், நடக்க முடிந்த நேரம், உறைந்த நேரம், கைகால் தானாக நெளிந்த நேரம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்கானைவிடவும் அந்தத் தாள் வைத்தியருக்கு உதவும்.

‘லெவோடோபாவை இப்பவே தொடங்கினால் பிறகு வேலை செய்யாது, முடிந்தவரை பின்போடுவோம்’ என்ற பயம் பரவலாக உண்டு. கைகால் நெளியும் பக்கவிளைவு மருந்தால் வருவது என்பதில் பிறந்த பயம். 2014இல் வெளியான ஓர் ஆய்வு, மருந்து தாமதமாகக் கிடைத்த கானா நாட்டு நோயாளிகளையும் சீக்கிரம் கிடைத்த இத்தாலி நோயாளிகளையும் ஒப்பிட்டது. நோய் தொடங்கி ஏறத்தாழ ஒரே காலத்தில்தான் இரு சாராருக்கும் அந்த நெளிவு வந்தது. காத்திருந்தவர்கள் நன்மை எதையும் அடையவில்லை. நல்லபடி நடமாடியிருக்கக்கூடிய வருடங்களை இழந்ததுதான் மிச்சம். மருந்தை உடலுக்குத் தேவையான நேரத்தில், தேவையான மிகக் குறைந்த அளவில் தொடங்குவதே முறை.

நோன்பு காலம் பற்றிக் காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் கேட்பார்கள். பகல் முழுக்க மருந்தில்லாமல் இருந்தால் மூன்று வேளைக்காரர்களுக்கே உடல் இறுகும். ஐந்தாறு வேளை போடுபவர்களுக்கு விழுகையும் விழுங்க முடியாமையும் வரும். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது. ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் நோன்புக்குச் சில கிழமைகள் முன்னரே வைத்தியரிடம் கேட்டால், சஹரையும் இப்தாரையும் ஒட்டி நீண்டநேர வகைக் குளிசையாக மாற்ற முடியுமா என்று பார்ப்பார். கந்தசஷ்டி விரதம் பிடிப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும். எங்கள் வெயிலில் தண்ணீர் குறைந்தால் எழும்பும்போது இரத்த அழுத்தம் சட்டென்று விழும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். லெவோடோபாவைத் திடீரென நிறுத்தக் கூடாது. உடல் இறுகி, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம். 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் மருந்து தட்டுப்பட்டபோது இந்தக் குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கிளினிக்கில் தருவதை முடியும் நாள் வரை பாராமல், குறைந்தது ஒரு கிழமைக்கான குளிசையாவது கையிருப்பில் இருக்கட்டும்.

மற்றக் குளிசைகள்

பிரமிபெக்சோல், ரோபினிரோல் ஆகியவை டோபமைன் போல நடித்து வேலை செய்பவை. இளவயதுக்காரர்களுக்கு உதவும். ஆனால் சிலருக்குக் கட்டுப்படுத்த முடியாத ஆசைகளைக் கிளப்பிவிடும்: நாள்தோறும் அதிர்ஷ்டலாபச் சீட்டு, தேவையில்லாமல் பொருள் வாங்கிக் குவிப்பது, அளவு மீறிய காமம். இதைப் பற்றி யாரும் சொல்லாததால், குணம் கெட்டுப்போனது என்று குடும்பம் அவரைத் தூற்றும். மருந்தைக் குறைத்தால் அநேகமாக அடங்கும். ரசகிலின், செலிகிலின் மெல்லிய உதவி தரும். எண்டகபோன் லெவோடோபாவின் நேரத்தை நீட்டும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் பயப்பட வேண்டாம். அமன்டடின் கைகால் நெளிவைக் குறைக்கும். பென்செக்சோல் எங்கள் கிளினிக்குகளில் பழகிய மருந்து, நடுக்கத்தைக் குறைக்கும். ஆனால் எழுபது வயதுக்காரருக்கு அதுவே மறதி, குழப்பம், சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல் எல்லாம் தரும். வயதானவருக்கு அது எழுதப்பட்டிருந்தால் இன்னும் தேவைதானா என்று கேட்பது நல்லது.

மூளைக்குள் வைக்கும் கருவி

பிரான்சில் கிரெனோபிள் நகரத்தில் 1987இல் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் அலிம் லூயி பெனபிட் தொடங்கிவைத்த சிகிச்சை இது. மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்முனையைச் செருகி, நெஞ்சில் தோலுக்குக் கீழ் வைக்கும் மின்கலத்தோடு இணைப்பார்கள். அமெரிக்காவில் பார்கின்சனுக்கு 2002இல் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் சித்ரா திருநாள் போன்ற நிறுவனங்கள் இதில் நீண்ட அனுபவம் உடையவை.

இதைப் பற்றிக் காணொளிகள் சொல்லாதது, லெவோடோபாவுக்கு எது நன்றாக இசைகிறதோ அதைத்தான் இந்தக் கருவியும் சரிசெய்யும் என்பது. மருந்து ஏறியிருக்கும் உச்ச நேரத்திலும் ஒருவர் தள்ளாடி விழுகிறார் என்றால், கருவி வைத்தாலும் விழத்தான் செய்வார். மறதி நோய் தொடங்கியவர்களுக்கு இது உகந்ததல்ல; பேச்சு மோசமாகவும் கூடும். மருந்துக்கு நன்றாக இசைந்து, ஆனால் நாள் முழுக்க ஏறி இறங்கித் தவிக்கிறவர்களுக்கும் மருந்துக்கு அடங்காத நடுக்கம் உள்ளவர்களுக்கும் இது பெரும் வரம். வைத்த பிறகும் மின்னோட்டத்தைச் சரிசெய்யப் பல தடவை போக வேண்டும். சாதாரண மின்கலத்தைச் சில வருடத்துக்கு ஒருமுறை சத்திரசிகிச்சை செய்து மாற்ற வேண்டும். விமானச் சீட்டையும் தங்குமிடத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். முதலில் கிளினிக்கில் நேரே கேளுங்கள்: மருந்து உச்சத்தில் இருக்கும்போது இவர் எப்படி இருக்கிறார், கருவி அதற்கு மேல் என்ன தரும்?

ஸ்டெம் செல், அதாவது வேறு வகைக் கலங்களாக வளரக்கூடிய மூலக் கலம் பற்றி. 2025 ஏப்ரலில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. வட அமெரிக்காவில் 12 பேருக்கும் ஜப்பானில் 7 பேருக்கும் அப்படியான மூலக் கலங்களிலிருந்து ஆய்வுகூடத்தில் வளர்த்த டோபமைன் கலங்களை மூளைக்குள் வைத்தார்கள். பாதுகாப்பானதா என்று பார்ப்பதே முதல் நோக்கம். முடிவுகள் நம்பிக்கை தருகின்றன. அது வேறு, காசு வாங்கிக்கொண்டு இரத்தக் குழாயிலோ முதுகிலோ ‘ஸ்டெம் செல்’ ஏற்றும் தனியார் நிலையங்கள் வேறு. பின்னதற்காக யாரும் காணியை விற்க வேண்டாம்.

பூனைக்காலி விதை

நாட்டு வைத்தியரிடம் போனால் பூனைக்காலிப் பொடி தருவார். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. 1937இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரு விஞ்ஞானிகள் அந்த விதையிலிருந்து லெவோடோபாவையே பிரித்தெடுத்தார்கள். பார்கின்சனுக்கு அது மருந்து என்று நவீன வைத்தியம் அறிவதற்கு இருபது வருடங்களுக்கு மேல் முன்பு. பொலிவியாவில் குளிசை வாங்க வசதியில்லாத நோயாளிகளிடம் வறுத்த விதைப்பொடியைச் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்விலும் அது குளிசைக்குச் சமமாக வேலை செய்தது.

அப்படி உண்மையிலேயே வேலை செய்வதால்தான் கவனம் வேண்டும். பொடியில் எவ்வளவு லெவோடோபா இருக்கிறது என்பது விதைக்கு விதை, கடைக்குக் கடை மாறும். கார்பிடோபா அதில் இல்லை. கிளினிக் குளிசையோடு சேர்த்து ஒளித்துக் குடித்தால் அளவு கூடி, கைகால் நெளிந்து, இல்லாத ஆட்கள் கண்ணில் தெரியத் தொடங்கும். வைத்தியர் குளிசைதான் கூடிவிட்டது என்று எண்ணிக் குறைப்பார். பொடி தீர்ந்ததும் ஆள் உறைந்துபோவார். திருகோணமலை வளாகத்தில் சித்த வைத்தியம் பல்கலைக்கழகப் பட்டமாகவே படிப்பிக்கப்படும் மாகாணம் இது. சித்த வைத்தியரிடம் குளிசையைக் காட்டுங்கள், கிளினிக்கில் பொடியைக் காட்டுங்கள். ஒளிப்பதுதான் ஆபத்து.

நடை, தாளம், குரல்

உடற்பயிற்சி இந்த நோயில் மருந்துக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. வியர்க்கும்படி வேகமாக நடப்பது, கையை அகல வீசுவது, கதிரையிலிருந்து கைபிடிக்காமல் எழும்பிப் பழகுவது எல்லாம் நன்மை தரும். கால் உறையும்போது வெளியிலிருந்து ஒரு தாளமோ கோடோ கிடைத்தால் மூளை வேறு வழியால் அசைவைத் தொடங்கும். வாசலருகே நிலத்தில் அடிக்கொரு கோடு சோக்கால் போட்டுவிட்டால், உறைந்தவர் கோட்டைத் தாண்டுவது போல் காலெடுத்து வைப்பார். பெரியப்பா சின்ன வயதில் வடமோடிக் கூத்தாடியவர். தாளக்கட்டை வாயால் சொல்லிக்கொடுத்தால் கால் எழும்பும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் தாளம் போட ஆடிப் பழகிய உடம்பு அதை மறக்கவில்லை. கூத்தறியாதவருக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணினாலே போதும்.

குரல் தேய்வதையும் கவனியுங்கள். பேச்சுச் சிகிச்சையாளர் சத்தமாகப் பேசப் பழக்குவார், விழுங்குவதையும் சோதிப்பார். சாப்பிடும்போது அடிக்கடி இருமினால் தாமதிக்க வேண்டாம், உணவு நுரையீரலுக்குள் போய் வரும் நிமோனியா இந்த நோயில் முக்கியமான மரணக் காரணம். குளிசையை இடித்துக் கொடுக்குமுன் கேளுங்கள். நீண்டநேர வகையை இடிக்கக் கூடாது.

பாரிசவாதமும் வலிப்பும்

பார்கின்சன் நோயாளியோடு கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களைப் பற்றியும் கொஞ்சம். பார்கின்சன் வருடக்கணக்கில் வருவது. முகம் கோணி, ஒரு பக்கக் கைகால் சட்டென்று விழுந்தால் அது பாரிசவாதம். அதில் நிமிடங்கள்தான் கணக்கு. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, பாரிசவாதம் தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். எண்ணெய் பூசி, விடியட்டும் என்று காத்திருந்தால் அந்த வாய்ப்புப் போய்விடும். 1990 அம்புலன்ஸை அழைத்து, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைச் சொல்லுங்கள். வலிப்பு உள்ளவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மருந்தாலேயே வலிப்பை நிறுத்தலாம். கையில் இரும்பு கொடுப்பதால் எதுவும் ஆகாது. ஆளைப் பக்கவாட்டில் சரித்து, வாய்க்குள் எதையும் திணிக்காமல், நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி.

விடுதியில் அனுமதித்தால்

எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்கு. வயதான தாய் தகப்பனும் பெரும்பாலும் மகள் வீட்டில்தான். அதனால் இந்த நோயின் பாரம் மகளின் தோளில் விழுகிறது. இரவில் புரட்டிப் படுக்க வைப்பதும் குளிசைக்கு அலாரம் வைப்பதும் அவர்தான். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் சென்னைச் செலவுக்கு அனுப்ப நினைக்கும் காசில் ஒரு பகுதியை, மலசலகூடத்தில் கைபிடி பூட்டவும், அந்த மகள் ஒரு பகல் நித்திரை கொள்ள உதவிக்கு ஆள் வைக்கவும் கொடுத்தால் பலன் உடனே தெரியும்.

காய்ச்சலோ எலும்பு முறிவோ வந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ அம்பாறையிலோ கல்முனையிலோ விடுதியில் அனுமதிக்கும்போது இந்த மகள்தான் முக்கியமான ஆள். விடுதியில் மருந்து கொடுக்கும் நேரம் பொதுவானது. பார்கின்சன் நோயாளியின் நேரம் அவருக்கே உரியது. குளிசை நேரங்களை ஒரு தாளில் பெரிதாக எழுதி தாதியிடமும் வைத்தியரிடமும் கொடுங்கள். சத்திரசிகிச்சைக்காக வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது என்றால், மூக்குக் குழாய் வழியாக லெவோடோபா கொடுக்கலாமா என்று கேளுங்கள். வாந்திக்கு மெட்டோகுளோப்பிரமைட் ஊசியும், இரவில் குழம்பிக் கத்தினால் ஹலோபெரிடோலும் பல விடுதிகளில் கைப்பழக்கத்தில் போடுபவை; இரண்டும் பார்கின்சன் நோயாளிக்கு ஆகாது. முதலாவதற்குப் பதிலாக டொம்பெரிடோனும் இரண்டாவதற்குப் பதிலாகக் குவெட்டியபினும் வைத்தியர் யோசிக்கக்கூடியவை. ‘இவருக்குப் பார்கின்சன், இந்த இரண்டு மருந்தும் வேண்டாம்’ என்று கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் இன்றைக்கே எழுதி வையுங்கள்.